பாகீரதி சொன்ன ஐம்பத்தேழு பேர்

பாகீரதி ஜெயித்தவற்றை வரிசையாகச் சொன்னால் இப்படி வரும். ஒன்பது வயதில் தாது வருஷப் பஞ்சத்தை ஜெயித்தாள். பதினொன்றில் பெரியம்மை வந்து இடது கண்ணை எடுத்துக்கொண்டு போயிற்று. உயிரை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பதினாறில் கணவன் போனான். புக்ககத்தார் அவளைக் கொல்லைப்புற அறையோடு முடித்துவிடப் பார்த்தார்கள். மாற்றுப் புடவைகூட இல்லாமல் அண்ணன் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். கல்கத்தாவுக்குக் குடிவந்த நாலாம் மாதம், ஓர் எழுத்துக்கூடத் தெரியாமலே, காளிகாட் கறிகாய்க்காரிகளோடு வங்காளியில் சண்டை போட்டு ஜெயித்தாள். சந்துக் குழாயில் மதராஸிகள் கடைசியில்தான் குடம் வைக்க வேண்டும் என்றிருந்ததை ஒரே வாரத்தில் மாற்றினாள். நாற்பத்தொரு வயதில், நாலு பாஷை படித்த ஒரு சரித்திரக்காரர் தம் கணக்குத் தப்பு என்று அவள் முன் கைகூப்பும்படி செய்தாள். அதற்குப் பிறகு ஜெயித்ததுதான் பெரிது. அது அவளுடைய அண்ணனை.

அண்ணன் வைத்தீஸ்வரன் லால்திகி பக்கம் ஒரு சர்க்கார் ஆபீசில் நகல் குமாஸ்தா. படிப்பு நாலாம் பாரத்தோடு நின்றுவிட்டது. வேலை வாங்கிக் கொடுத்தது அவருடைய கையெழுத்து. எவ்வளவு நீளக் காகிதமாக இருந்தாலும் முதல் வரியும் கடைசி வரியும் ஒரே அளவில் இருக்கும். குடையைக் கொக்கியில் மாட்டினால் பிடி இடது பக்கம்தான் பார்க்க வேண்டும். தங்கையைப் பற்றி வெளியே பேசும்போது அவர் குரலே மாறிவிடும். "அவளுக்கு மட்டும் எழுத்து தெரிஞ்சிருந்தா நான் இந்த ஆபீசுல பியூனா இருந்திருப்பேன்" என்பார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம். வெடிகுண்டு வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. சந்துக்குள் புதிதாக ஒருவன் நின்றால், அவன் போலீஸ் ஆளா, போலீஸ் தேடும் ஆளா என்று இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டியிருந்தது. சர்க்கார் சிப்பந்திகள் எந்த சபையோடும் சகவாசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆபீசில் சுற்றறிக்கை வேறு வந்திருந்தது. அதை முப்பது பிரதி எடுத்தவரே வைத்தீஸ்வரன்தான்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாகீரதி கறிகாய்க் கூடையோடு வீட்டுக்குள் வந்தாள். பின்னாலேயே ஒரு வங்காளி பாபு வாசலில் வந்து நின்றார். கறுப்புக் குடை, கஞ்சி போட்ட வேஷ்டி, கக்கத்தில் இரண்டு நோட்டுப் புத்தகங்கள்.

"நமஸ்கார், தாதா" என்று வைத்தீஸ்வரனை வங்காளி வழக்கப்படி அண்ணனாக்கினார். "நான் ஹேமாங்க சன்யால். டாக்குரியாவிலிருந்து வருகிறேன். உங்கள் தங்கை கடையில் ஒரு விஷயம் சொன்னார். அதை முழுக்கக் கேட்க வேண்டும்."

வைத்தீஸ்வரன் உள்ளே போனார்.

"யாருடி அவன்? பின்னாடியே வந்திருக்கான்!"

"கத்திரிக்கா வாங்கிண்டு நின்னார். அரிசி விலை ஏறிடுத்துன்னு கடைக்காரி அழுதா. இது ஒரு விலையாடி, எங்க ஊர்ல தாது வருஷத்துல நான் பார்த்திருக்கேன்னு ரெண்டு வார்த்தை சொன்னேன். இந்த மனுஷர் கத்திரிக்காயைக் கீழே வெச்சுட்டு நோட்டை எடுத்துட்டார்."

"கத்திரிக்கா வாங்கினானா இல்லையா?"

"இல்லை."

"பார்த்தியா! வாங்க வந்தவன் இல்லை அவன்."

மனைவி ஜகதாம்பாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, போலீஸ்காரனா இருந்தா உள்ளே உக்கார வெச்சுக் கேளுங்கோ. வாசல்லயே நிறுத்தினா சந்து பூராவும் கேக்கும்."

அப்படித்தான் ஹேமாங்க பாபு கூடத்தில் உட்கார்ந்தார். பாகீரதி உள்கதவுக்குப் பின்னால், வைத்தீஸ்வரன் நடுவில். வங்காளத்து சரித்திர சபை ஒன்றில் தாம் அங்கத்தினர் என்று பாபு சொன்னார். சபை என்ற சொல்லைக் கேட்டதும் வைத்தீஸ்வரன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.

"பயப்படாதீர்கள், தாதா. எங்கள் சபையில் நாங்கள் அடித்துக்கொள்வது ஒருவரையொருவர்தான்" என்றார் பாபு. "ஒரு கட்சி கல்வெட்டையும் செப்பேட்டையும் தவிர எதையும் நம்பாது. இன்னொரு கட்சிக்கு நாணயம் கிடைத்தால்தான் ராஜா இருந்ததாக அர்த்தம். மூன்றாவது கட்சி ராஜாவையே விட்டுவிட்டது. சர்க்கார் பதிவேடு, விலைவாசி, தலைக்கணக்கு. இருந்தவர்கள் வாயால் சொல்வதைக் கேட்பவன் நான் ஒருவன்தான். என்னைக் கிழவிகளின் காரியதரிசி என்கிறார்கள்."

"நான் இன்னும் கிழவி ஆகலைன்னு சொல்லு அண்ணா" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல். வங்காளியிலேயே சொன்னதால் அண்ணன் சொல்லத் தேவைப்படவில்லை. பாபு சிரித்தார்.

கறுப்பு அட்டை நோட்டில் எழுத ஆரம்பித்தார். சிவப்பு அட்டை நோட்டு மூடியே இருந்தது.

"அது எதுக்கு?" என்று கேட்டார் வைத்தீஸ்வரன்.

"கறுப்பில் அவர் சொல்வது, சொன்னபடியே. சிவப்பில், அதைப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்த முடிவு. பதிவேட்டுக் கட்சிக்காரர் ஒருவர் எனக்கு சிநேகிதர். மதராஸுக்கு எழுதி நகல் வரவழைப்பார்."

மதராஸ் என்றதும் வைத்தீஸ்வரன் அந்தச் சிவப்பு நோட்டைத் தம் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தார். காரணம் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

சேலம் ஜில்லாவில் அவர்கள் அப்பா கிராமக் கணக்குப்பிள்ளை. பஞ்சத்தின்போது, தறி நெய்யும் கைக்கோளர் தெருவில் தினமும் யார் யார் செத்தார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பெரிய ஆட்கள் போய்க் கேட்டால் கதவைத் திறக்க மாட்டார்கள் என்று ஒன்பது வயதுப் பாகீரதியை அனுப்பினார். அவள் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, எந்த வீட்டில் யார் என்று மனசில் வைத்துக்கொண்டு வந்து ஒப்பிப்பாள். அப்பா குறித்துக்கொள்வார். பட்டினிச் சாவு அதிகமானால் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கணக்குப்பிள்ளையின் வேலைதான் போகும் என்று மேலிடத்திலிருந்து வாய்மொழியாகச் சேதி வந்தது. அப்பா அந்தக் குறிப்பைக் கிழித்தார். புதுப் பதிவேடு தயாராயிற்று. செத்த ஐம்பத்தேழு பேரும் அதில் 'ஊர் விட்டுப் போனவர்' ஆனார்கள். அப்பா சொல்லச் சொல்ல அதை அழகாக எழுதிய கை பதினாலு வயது வைத்தீஸ்வரனுடையது.

பாகீரதிக்கு இது தெரியாது. தான் சொன்னதை அப்பா அப்படியே எழுதிவைத்தார் என்றுதான் முப்பத்திரண்டு வருஷமாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஹேமாங்க பாபு ஞாயிறுதோறும் வந்தார். எத்தனை வீடு, யார் மூத்தவர், எந்தக் குடும்பம் எங்கே போயிற்று என்று கேட்டார். அத்தனையும் போலீஸ்காரன் கேட்கும் கேள்வியாகவே வைத்தீஸ்வரனுக்குப் பட்டது. பாபு வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்துவைத்தார். ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனார். பாபு ஆதிகங்கைப் படித்துறையில் வயசான படகோட்டிகள் நடுவில் உட்கார்ந்து, நாற்பத்து நாலு வருஷத்துக்கு முன் கல்கத்தாவைச் சாய்த்த பெரும்புயலில் யார் யார் படகு போயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆபீசில் பக்கத்து மேஜை அனந்தகிருஷ்ணனிடம் இதைச் சொன்னார். அனந்தகிருஷ்ணன் அடுத்த சந்தில் குடியிருந்தவர்; எந்தச் செய்தியையும் இன்னும் கொஞ்சம் கெடுதலாக்கித் திருப்பிக் கொடுப்பார்.

"புயலைப் பத்திக் கேக்கறானா? ஓய், நேத்திக்கு நடந்ததைக் கேக்கறவன் சாதாரண போலீஸ். நாற்பது வருஷத்துக்கு முந்தி நடந்ததைக் கேக்கறவன் பெரிய இடத்து ஆளா இருப்பான். உம்ம ஆத்துல என்ன கேக்கறான்?"

"பஞ்சத்தைப் பத்தி."

"உமக்கு என்ன, உம்ம தோப்பனார் கணக்கு எழுதினவர். எல்லாம் காகிதத்துல இருக்குமே! தேடிண்டு போனா கெடைச்சுடும்."

சமாதானமாகத்தான் சொன்னார். வைத்தீஸ்வரன் அன்று மூன்று நகல்களைக் கெடுத்தார்.

ஐப்பசிக்குள் பாகீரதி முப்பத்திரண்டு வீட்டையும் முடித்துவிட்டாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, அடுத்த வாசலுக்குப் போவதுபோலத்தான் சொல்வாள். வீட்டை விட்டு வீடு தாவச் சொன்னால் வராது. ஐம்பத்தேழு பெயரும் கறுப்பு நோட்டில் ஏறின. "இவர்களில் ஊரை விட்டுப் போனவர்கள் உண்டா?" என்று பாபு ஒரு முறை கேட்டார்.

"ஊரை விட்டுப் போகறதுக்குக் காலுல தெம்பு வேணுமே, பாபு. நாலாம் ஆத்து நல்லான் தறிக்குழியை விட்டே ஏறலை."

வைத்தீஸ்வரன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அடுத்த ஞாயிறு பாபு நோட்டைத் திறக்கவில்லை. காபியையும் தொடவில்லை.

"தாதா, என் மனசு சரியில்லை. நான் ஏமாந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்."

"என்ன ஏமாற்றம்?"

"தாது வருஷத்தில் தமக்கு ஒன்பது வயது என்றார் உங்கள் தங்கை. காசிப் பஞ்சாங்கத்தை வைத்துப் பின்னோக்கி எண்ணினேன். தாது என்பது ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நாலு. எங்கள் பெரும்புயல் அடித்த வருஷம். அப்போது ஒன்பது என்றால் இப்போது ஐம்பத்து மூன்று ஆக வேண்டும். நாற்பத்தொன்று என்கிறார். அந்த வருஷத்தில் மதராஸ் பக்கம் பெரும் பஞ்சம் எதுவும் இல்லை. பெயர்களை யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அல்லது..." பாபு முடிக்கவில்லை. "இதைச் சபைக்குக் கொண்டுபோனால் என்னைச் சிரித்தே துரத்துவார்கள். ஐம்பத்தேழு பெயரையும் அடித்துவிடப் போகிறேன். சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை."



வைத்தீஸ்வரன் வேண்டிக்கொண்டது இதுதான். வந்தவன் தானாகவே போகிறான். மதராஸுக்குக் கடிதம் போகாது, பதிவேடு வெளியே வராது. ஆபீசில் காசிக்காரர் ஒருவரின் பஞ்சாங்கத்தை அவர் பார்த்திருக்கிறார். வடக்கே வருஷப் பெயர் வேறாக ஓடுவது அவருக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

பாபு குடையை எடுத்தார். பேனாவைத் திறந்து, முதல் பெயரின் மேல் கோடு இழுக்கக் குனிந்தார்.

"நிறுத்தும்!" என்றார் வைத்தீஸ்வரன். "என் தங்கை பொய் சொல்றவ இல்லை. அவ சொன்னதுல ஒரு பேரை அடிச்சீர்னா நீர் இந்த ஆத்தை விட்டுப் போக முடியாது."

தமிழில் கத்தியது பாபுவுக்குப் புரியவில்லை. கை மட்டும் நின்றது. வைத்தீஸ்வரன் வங்காளிக்கு மாறினார். "இந்த வருஷத்துக்கு உங்கள் காசிப் பஞ்சாங்கத்தில் என்ன பெயர்?"

"ரௌத்திரி. ஏன்?"

"எங்களுக்கு இது கீலக."

கதவு திறந்தது. அத்தனை வாரத்தில் முதல் தடவையாகப் பாகீரதி கூடத்துக்குள் வந்து நின்றாள். கட்டைவிரலால் சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"கீலக வருஷத்துக்கு அப்புறம் சௌமிய, சாதாரண, விரோதிகிருது... பரிதாபி, பிரமாதீச, ஆனந்த... ராட்சச, நள, பிங்கள... காளயுக்தி, சித்தார்த்தி, ரௌத்திரி."

நாலு விரலில் பன்னிரண்டு கணுவும் தீர்ந்து, ஆள்காட்டி விரல் நுனியில் நின்றது.

"பன்னெண்டு. அவாளுக்கு இன்னிக்கு வந்த பேரு நமக்குப் பன்னெண்டு வருஷம் கழிச்சு வரும். அவாளோட தாதுவும் நம்ம தாதுவுக்குப் பன்னெண்டு வருஷம் முந்தியே வந்துட்டுப் போயிருக்கும். கூட்டிப் பாக்கச் சொல்லு, அண்ணா."

பாபு கூட்டவில்லை. முகத்தைப் பார்த்தாலே கூட்டியாகிவிட்டது தெரிந்தது. அறுபத்து நாலும் பன்னிரண்டும் எழுபத்தாறு; மதராஸ் மாகாணமே வெந்த வருஷம். குடையைக் கீழே வைத்துவிட்டு, வங்காளி வழக்கப்படி அக்கா என்று கூப்பிட்டுக் கைகூப்பினார். "திதி, மன்னிக்க வேண்டும். ஒரே வருஷத்துக்கு இரண்டு பெயர் இருக்கும் என்று தோன்றவில்லை."

"காபி ஆறிப்போச்சு, மாத்திக் கொண்டுவரேன். கும்பிட்டுண்டே நிக்க வேண்டாம்னு சொல்லுங்கோ" என்றாள் ஜகதாம்பாள்.

பாபு உற்சாகத்தில் இரண்டு டம்ளர் குடித்தார். இனி தாமதிக்கக் கூடாது, நாளைக்கே மதராஸுக்கு எழுதச் சொல்லப் போவதாகச் சொன்னார். பாகீரதி அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். "எழுதட்டும். நான் ஒப்பிச்சதைத்தானே அப்பா எழுதினார். அட்சரம் பிசகாம ஒத்துப்போகும்."

ஒத்துப்போகாது. இரண்டாவது முறையும் அவளைப் பொய்க்காரி என்பார்கள். இந்தத் தடவை சாட்சி அவள் அண்ணனின் கையெழுத்தாக இருக்கும்.

மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பும் முன் சொல்லிவிட்டார். பாகீரதி வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பாகீ, அப்பா நீ சொன்னபடி எழுதலை. எல்லாரும் ஊரை விட்டுப் போயிட்டதா எழுதச் சொன்னார்."

"யாரை எழுதச் சொன்னார்?"

"என்னை."

அவள் கை நிற்கவில்லை. "எத்தனை தடவை எழுதினே?"

"ஐம்பத்தேழு."

"ஒவ்வொண்ணாவா?"

"ஒவ்வொண்ணா."

அதன்பிறகு ஒன்பது நாள் அவள் அவரோடு பேசவில்லை. அவர் எதிரிலேயே, "மன்னி, சாதம் ஆயிடுத்துன்னு சொல்லுங்கோ" என்பாள். "மன்னி, குடையை எடுத்துக்கச் சொல்லுங்கோ, மானம் கறுத்திருக்கு." ஜகதாம்பாள் அலுத்துப்போய், "நான் என்ன தபால்பெட்டியாடி?" என்று கேட்டுவிட்டாள்.

வைத்தீஸ்வரனுக்கு அந்த ஒன்பது நாளும் பயம். மதராஸுக்குக் கடிதம் போயிருக்குமா, யார் படிப்பார்கள், சர்க்கார் கணக்கைப் பொய்யாக எழுதியவன் சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பது வெளியே வந்தால் என்ன ஆகும்? சந்தில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்ப் பார்த்தார்.

பத்தாம் நாள் பாகீரதி ஒரு பலகையைக் கொண்டுவந்து அவர் எதிரில் போட்டாள்.

"என் பேரை எழுதிக் காட்டு. இனிமே எனக்காக யாரும் எழுத வேண்டாம்."

எழுதிக் காட்டினார். அவள் அதை ஜகதாம்பாளிடம் எடுத்துப்போய், "மன்னி, இது என் பேர்தானா? உங்களுக்குத் தெரிஞ்ச மட்டும் பாருங்கோ" என்று கேட்டது அவர் காதில் விழுந்தது. இரண்டு வாரம் அடுப்படிச் சுவரெல்லாம் கரியால் பாகீரதி என்று இருந்தது.

கார்த்திகையில் ஹேமாங்க பாபு பாகீரதியின் வாக்குமூலத்தை வங்காளியில் முடித்து, தமிழ்ப் பிரதிக்காகக் காகிதமும் கொண்டுவந்தார். கூடவே ஒரு மைப்பெட்டி. மதராஸிலிருந்து நகல் இன்னும் வரவில்லை.

"கட்டைவிரல் ரேகை போதும், திதி."

வைத்தீஸ்வரன் மைப்பெட்டியை மூடினார். விரல் ரேகையைப் போலீஸ் எப்படிச் சேர்த்துவைக்கிறது என்று கல்கத்தாவில் யாருக்குத் தெரியாது? "ரேகையெல்லாம் கிடையாது!" என்றார்.

"கெடையாதுதான்" என்றாள் பாகீரதி. "நான் எழுதறேன். மன்னி, முதல்ல இதைத் தமிழ்ல எழுதச் சொல்லுங்கோ."

வைத்தீஸ்வரன் எழுதினார். முப்பத்திரண்டு வீடு, ஐம்பத்தேழு பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பட்டினியால் இறந்தார்'. பின்னால் யாரும் எதையும் நுழைக்க முடியாதபடி, ஆபீஸ் வழக்கப்படி வெற்றிடங்களில் எல்லாம் கோடு இழுத்தார். பெயர்களை இரண்டு தரம் எண்ணினார். கடைசியில் பேனாவைத் தொட்டு இன்னும் மூன்று வரி சேர்த்து, கீழே தன் பெயரைப் போட்டார்.

"படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். அடுத்த சந்து அனந்தகிருஷ்ணனைக் கூப்பிடு. அவர் படிக்கட்டும். நீ வாசல்ல நில்லு."

அனந்தகிருஷ்ணனா! மறுநாள் பத்து மணிக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடுமே. வைத்தீஸ்வரன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். ஒற்றைக் கண்ணால் அவள் திருப்பிப் பார்த்த பார்வையில், இத்தனை மாதம் அவர் பாபுவைப் பார்த்த பார்வை அப்படியே இருந்தது. குடையை எடுக்காமல் நடந்துபோய் அவரே அனந்தகிருஷ்ணனைக் கூட்டிவந்தார். பிறகு வாசலில் நின்றார்.

உள்ளே பெயர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டன. நடுவில் அனந்தகிருஷ்ணன் ஒரு பெயரை விழுங்கியதும், "பதினேழாம் ஆத்துல சின்னப்பொண்ணு எங்கே?" என்று பாகீரதி பிடித்தாள். அவர் அந்த வரிக்குத் திரும்பிப் படித்தார். கடைசி மூன்று வரிக்கு வந்ததும் குரல் தாழ்ந்தது.

"சத்தமா" என்றாள் பாகீரதி.

"மேற்படியாரெல்லாம் ஊர் விட்டுப் போனதாகப் பழைய பதிவேட்டில் காண்பது பொய். அதை எழுதியவன் நான். என் தங்கை அன்றும் இன்றும் சொன்னதே மெய். வைத்தீஸ்வரன்."

அனந்தகிருஷ்ணன் வேஷ்டியை உதறிக்கொண்டு எழுந்து, வாசலில் நின்றவரைப் பார்க்காமல் போனார்.

"அண்ணா, உள்ளே வா" என்றாள் பாகீரதி. "பேனாவை எப்படிப் பிடிக்கறது? கரி மாதிரி இல்லையே இது."

அவர் சொன்னார். அவள் ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். 'கீ'யின் சுழி கோட்டுக்கு மேலே போயிற்று. அதை அவர் திருத்தவில்லை. பக்கத்தில் தேதியை மட்டும் அவர் எழுதினார்: கீலக வருஷம் கார்த்திகை மாதம் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, 1908, நவம்பர் 22.